கூட்டத்தை எண்ணி எழுதுங்கள்: சூலூர்ப்பேட்டை மார்க்கப் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை, சூலூர்ப்பேட்டை பக்கம் குடியிருந்துகொண்டு சென்னைக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ மின்சார ரயிலில் போய்வருகிறவர்களில் மனு எழுதாதவர்கள் குறைவு. "வண்டி தினமும் தாமதம், நிற்கக்கூட இடமில்லை, கூடுதல் ரயில் விட ஆவன செய்யவும்" என்று எழுதுவோம். பரிசீலிப்பதாகப் பதில் வரும். எந்த நாளில், எந்த நிலையத்தில், எத்தனை நிமிடம் தாமதம், எத்தனை பேருக்கு இடமில்லை என்று யாராவது திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

எண்ணிக்கையோடு போகும் மனுவை அப்படி எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எண்ணுவதற்குப் பொறியாளர் படிப்பு வேண்டியதில்லை. ஆனால் எதை எண்ணுவது, எங்கே நின்று எண்ணுவது, எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்டு வாங்குவது என்பதைச் சொல்லித்தர ஆளில்லாமல் நாங்கள் அலைந்தது கொஞ்சமல்ல. புதிதாக இறங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. உங்கள் குறை எந்த வகை?

ஒரே தண்டவாளம் என்றாலும் நம் மார்க்கத்தில் குறை இரண்டு வகை. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே இருப்பவர்களுக்கு ரயிலே அரிது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் உட்கார வேண்டும். மீஞ்சூருக்குத் தெற்கே ரயில் அடிக்கடி வருகிறது, காலை நேரத்தில் ஏறத்தான் இடம் கிடைப்பதில்லை. முன்னது சேவை கிடைக்காத குறை. பின்னது கொள்ளளவு போதாத குறை. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால், "மார்க்கம் முழுவதும் சராசரியாகப் போதிய இடம் உள்ளது" என்ற ஒரு வரியில் இரண்டுமே அடிபட்டுப் போகும்.

பொதுப் போக்குவரத்தின் தரத்தை அளக்க ஐரோப்பாவில் 2002-ல் வந்த இ.என். 13816 என்ற தரநிலை எட்டுத் தலைப்புகளைச் சொல்கிறது: சேவை கிடைப்பது, எளிதில் அணுக முடிவது, தகவல், நேரம், பயணிகளைக் கவனிக்கும் விதம், சௌகரியம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல். எட்டையும் தொட்டால் எதையும் முடிக்க மாட்டீர்கள். முதல் தடவைக்கு மூன்று போதும்: ரயில்களுக்கு இடையே உள்ள இடைவெளி, நேரந்தவறாமை, நெரிசல். கழிப்பறை, குடிநீர், நடைமேடை விளக்கு போன்றவற்றை 139-லோ ரயில் மதத் செயலியிலோ தனிப் புகாராகப் போடுங்கள். அவற்றை இந்தக் கணக்கோடு சேர்த்தால், குழாயைச் சரிசெய்துவிட்டு "கோரிக்கை நிறைவேற்றப்பட்டது" என்று கோப்பை மூடிவிட வாய்ப்பிருக்கிறது.

2. ஆட்கள், பொருட்கள், செலவு

குறைந்தது நான்கு பேர் வேண்டும். அவர்களில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். மகளிர் பெட்டியில் ஆண்கள் ஏறுவது ரயில்வே சட்டத்தின் 162-ஆம் பிரிவின்படி குற்றம். வெளியில் நின்று எட்டிப் பார்த்து எண்ணுவதும் முறையல்ல. மகளிர் பெட்டியை விட்டுவிட்டு எண்ணினாலோ, அந்த ஒரு காரணத்தைச் சொல்லியே மொத்தக் கணக்கையும் ஒதுக்கிவிடலாம்.

வாங்க வேண்டியவை: திருவிழாக்களில் ஆள் கணக்கு எடுக்கிறவர்கள் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பார்களே, அந்த எண்ணும் கருவி ஆளுக்கொன்று, தாள் பறக்காமல் கவ்விப் பிடிக்கும் எழுதும் அட்டை, அளவு நாடா, ஜெராக்ஸ் எடுத்த படிவங்கள். நேரத்தை எல்லோரும் கைபேசியைப் பார்த்தே எழுதுங்கள். ஒருவர் நிலையக் கடிகாரத்தையும் இன்னொருவர் கைக்கடிகாரத்தையும் பார்த்து எழுதினால் இரண்டு நிமிட வித்தியாசம் வந்து நிற்கும். அந்த இரண்டு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டே உங்கள் அறிக்கை முழுவதையும் தள்ளிவிடலாம்.

டிக்கெட் விஷயத்தில் கவனம். நடைமேடை டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும், அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏறக்கூடாது. காலை 6 மணி முதல் 10 மணி வரை ஒருவர் நடைமேடையில் நின்றால் இரண்டு டிக்கெட் ஆகிறது. எண்ணும் ஆட்கள் எல்லோரிடமும் சீசன் டிக்கெட் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை; ஆகவே தினமும் போய்வருகிறவர்களையே பிடியுங்கள்.

அளவெடுக்கத் தொடங்கும் முன் நிலைய அதிபரிடம் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கி வையுங்கள். அட்டையும் பேனாவுமாக மூன்று மணி நேரம் ஒரே தூணருகில் நிற்கிறவரை ரயில்வே பாதுகாப்புப் படையினர் விசாரிக்காமல் விடமாட்டார்கள், விடவும் கூடாது. கடிதத்தின் நகலைக் காட்டினால் பேச்சு முடிந்தது. படமோ வீடியோவோ எடுக்க வேண்டாம், கையால் எழுதிய படிவமே போதும். நல்ல கோணம் கிடைக்கிறது என்று தண்டவாளத்தில் இறங்கவே கூடாது: அத்துமீறி நுழைவது 147-ஆம் பிரிவுக் குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

3. இடத்தையும் நாளையும் தேர்ந்தெடுப்பது

நெரிசலை உங்கள் ஊர் நிலையத்தில் அளப்பதில் பயனில்லை. சூலூர்ப்பேட்டையில் புறப்படும்போது எந்த வண்டியும் காலியாகத்தான் இருக்கும். எந்த இரண்டு நிலையங்களுக்கு இடையில் வண்டிக்குள் அதிகம் பேர் இருக்கிறார்களோ, அந்த இடத்தில் அளக்க வேண்டும். சென்னை நோக்கிப் போகும் காலை வண்டியில் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று கூட்டம் ஏறிக்கொண்டே வரும். விம்கோ நகரில் சிலர் மெட்ரோவுக்கு இறங்குவார்கள். கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் கொருக்குப்பேட்டையில் மாறுவார்கள். உச்சம் எங்கே என்று ஊகிக்காதீர்கள். ஒருநாள் ஒரே பெட்டியில் கடைசி வரை பயணம் செய்து, நிலையத்துக்கு நிலையம் ஏறியவர், இறங்கியவர் கணக்கை எழுதினால் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

பலரும் மறந்துவிடுகிற ஒன்று: நம் மார்க்கத்தில் காலைக் கூட்டம் இரண்டு திசையிலும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், தடாவை அடுத்த ஸ்ரீசிட்டிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வடக்கே போகிறார்கள். சென்னை திசையை மட்டும் எண்ணினால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அவர்களுக்கு முக்கியம் ஷிப்டு நேரம். தொழிற்சாலைகளின் ஷிப்டு தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் கேட்டு எழுதி, ரயில் நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷிப்டு முடிந்து நிலையத்துக்கு வந்து சேரும் முன்பே ரயில் போய்விடுகிறது என்றால், வண்டி எத்தனை காலியாக ஓடினாலும் அந்தத் தொழிலாளிக்கு அது இல்லாத வண்டிதான்.

நாள்: செவ்வாய், புதன், வியாழன். திங்களும் வெள்ளியும் ஊருக்குப் போகிறவர்களால் குழம்பும். ஞாயிறன்று கால அட்டவணையே வேறு. எல்லைப்புறத்தில் இரண்டு மாநில நாட்காட்டியையும் பார்க்க வேண்டும்: தைப்பூசத்துக்குத் தமிழ்நாட்டில் அரசு விடுமுறை, தடாவில் வேலை நாள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளையும், சூலூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடக்கும் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். அன்று கூட்டம் அதிகம் இருக்கும் என்று ஆசைப்பட்டு எண்ணுவது நமக்கே எதிராகத் திரும்பும். புயல் மழைக்காலமும் வேண்டாம். பிப்ரவரி, மார்ச் முற்பாதி, ஜூலை, ஆகஸ்டு ஆகியவை நல்ல மாதங்கள்.

4. நேரத்தை அளப்பது

ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று நேரம் எழுதுங்கள்: அட்டவணை நேரம், சக்கரம் நின்ற நேரம், சக்கரம் மறுபடி நகர்ந்த நேரம். கடைசி இரண்டையும் வினாடி வரை எழுத வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும் நேரம் அவற்றிலிருந்துதான் கிடைக்கிறது. அது பின்னால் கொள்ளளவுக் கணக்குக்கு வேண்டும்.

நேரந்தவறாமையில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. வண்டி கடைசி நிலையத்தை எப்போது அடைந்தது என்பதை மட்டும் பார்த்தால், வழியெல்லாம் தாமதமாக வந்த வண்டிகூட "சரியான நேரம்" ஆகிவிடும். காரணம், கால அட்டவணையில் கடைசிக் கட்டத்துக்குத் தாராளமாக நிமிடம் ஒதுக்குவது ரயில்வேயில் வழக்கம். அட்டவணையை எடுத்து, கடைசி இரண்டு நிலையங்களுக்கு இடையே வரும்போது எத்தனை நிமிடம், அதே தூரத்தைப் புறப்படும்போது கடக்க எத்தனை நிமிடம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். ஆகவே நடுவழி நிலையங்களில் அளவெடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் தாமதம் என்று எல்லைக்கோடு ஒன்றை முன்கூட்டியே போட்டு, அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அளந்து முடித்த பிறகு எல்லையை மாற்றக்கூடாது.

காத்திருக்கும் நேரக் கணக்கு கொஞ்சம் நுட்பமானது. இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில் ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் வருகிற பயணி சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருப்பார். அதே இரண்டு ரயில்கள் 10 நிமிடம், 30 நிமிடம் என்ற இடைவெளியில் வந்தால்? ரயில் எண்ணிக்கை குறையவில்லை, சராசரி இடைவெளியும் 20தான். ஆனால் பெரும்பாலான பயணிகள் அந்த நீண்ட இடைவெளிக்குள் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு இடைவெளியையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டுங்கள்: 100, 900, மொத்தம் 1,000. அதை மொத்த நேரத்தின் இருமடங்கால், அதாவது 80-ஆல் வகுங்கள். 12.5 நிமிடம் வருகிறது. ஒழுங்கின்மையால் ஒவ்வொருவரும் இழக்கும் இரண்டரை நிமிடத்தை இப்படித்தான் எண்ணாகக் காட்ட முடியும்.

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ரயில் அடிக்கடி வராத இடத்தில் எல்லோரும் அட்டவணை பார்த்துத்தான் வருவார்கள். சூத்திரத்தில் போட்டால் நகைப்புக்கிடமான எண் கிடைக்கும். அங்கே எழுத வேண்டியவை முதல் ரயில், கடைசி ரயில், பகலில் உள்ள மிக நீண்ட இடைவெளி, ஒரு ரயில் ரத்தானால் அடுத்தது வரை எவ்வளவு நேரம் என்ற நான்குதான். அறிக்கையில் அரைப் பக்கம்கூட வராது. ஆனால் எல்லைப்புற ஊர்களின் வழக்கு முழுவதும் அந்த அரைப் பக்கத்தில்தான் இருக்கிறது.

5. நெரிசலை எண்ணுவது

இரண்டு நிமிடம்கூட நிற்காத வண்டியில் பன்னிரண்டு பெட்டியையும் தலை எண்ண யாராலும் முடியாது. ஆகவே தரக்குறி முறை. படிவத்தில் பெட்டிக்கு ஒரு கட்டம். அதில் ஓர் எண் மட்டும்:

1 – இருக்கை காலியாக உள்ளது.
2 – இருக்கை நிறைந்து, சிலர் நிற்கிறார்கள்.
3 – நிறையப் பேர் நிற்கிறார்கள், நடுவில் நடக்க முடியும்.
4 – வாசலருகே நெருக்கம், உள்ளே நகர முடியாது.
5 – படிக்கட்டில் தொங்குகிறார்கள், அல்லது நடைமேடையில் சிலர் ஏற முடியாமல் நின்றுவிட்டார்கள்.

குறிகளைத் தலைக்கணக்காக மாற்ற, முன்னேற்பாடாக ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு குறிக்கும் பொருந்தும் பெட்டி ஒன்றில் உங்கள் ஆள் ஏறி, இரண்டு நிலையங்களுக்கு இடையில் உண்மையாகவே தலை எண்ண வேண்டும். ஒரு குறிக்கு ஐந்தாறு முறையாவது எண்ணிச் சராசரி எடுங்கள். ஒரே பெட்டியை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் குறி போட்டு ஒத்துப்போகிறதா என்றும் சோதியுங்கள். ஒருவர் 3 என்பதை இன்னொருவர் 4 என்பார். தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

எந்தப் பெட்டியை எண்ணுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. சென்னை சென்ட்ரலின் மூர்மார்க்கெட் வளாக நிலையத்தில் தண்டவாளம் முட்டி நின்றுவிடுகிறது. வெளியே போகும் வழி வண்டியின் முன்பக்கம். அதனால் மீஞ்சூரிலேயே அனுபவசாலிகள் நடைமேடையின் தென்கோடிக்கு நடந்துபோய் முன் பெட்டிக்காகக் காத்திருப்பார்கள். முன் பெட்டியில் மூச்சுவிட முடியாதபோது பின் பெட்டியில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். முன் பெட்டியை எண்ணிப் பன்னிரண்டால் பெருக்கினால் அது கணக்கல்ல. எதிர்த்தரப்பு பின் பெட்டியை எண்ணிப் பெருக்குவதும் அப்படியே. எல்லாப் பெட்டிக்கும் குறி போடுங்கள். ஏற்றத்தாழ்வு பெரிதாக இருந்தால் அதையும் ஒரு கண்டுபிடிப்பாக எழுதுங்கள்: நடைமேடை மேற்கூரையை நீட்டுவதாலோ நடைமேம்பாலத்தை வேறிடத்தில் இறக்குவதாலோ ஒரு ரயில்கூடக் கூட்டாமல் நெரிசல் குறையலாம்.

ஏற முடியாமல் நின்றவர்களைத் தனியாக எண்ணுங்கள். அறிக்கையில் இதைவிட வலுவான எண் கிடையாது. நெரிசல் என்பது அபிப்பிராயம் என்று யாரும் வாதாடலாம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி ஏற முடியாமல் நின்றவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பிறகு அளவுகோல். இருக்கை எண்ணிக்கை பெட்டிச் சுவரில் எழுதியிருந்தாலும் ஒருமுறை நீங்களே எண்ணுங்கள். நிற்கும் தரைப்பரப்பை நாடாவால் அளந்து, இருக்கைகளில் உட்கார்ந்தவர்களின் கால்படும் இடத்தைக் கழித்துவிடுங்கள். இந்திய மெட்ரோக்கள் சதுர மீட்டருக்கு 6 பேர் நிற்பதாக வைத்துத் திட்டமிடுகின்றன. 8 என்றால் கடும் நெருக்கடி. மும்பை புறநகர் வண்டிகளின் உச்ச நேரத்தைப் பேசும்போது 14 முதல் 16 பேர் என்ற எண்ணைக் கேட்டிருப்பீர்கள். அதை யாராவது காட்டி "உங்களுடையது பரவாயில்லை" என்றால், அது இலக்கல்ல, அங்குள்ளவர்களின் துன்பம் என்று சொல்லுங்கள்.

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் சேவைத்தர அளவுகோல் கையேட்டில் வேறொரு எளிய முறையும் இருக்கிறது: பயணிகளை இருக்கைகளால் வகுப்பது. 1.5 வரை முதல் நிலை, 2 வரை இரண்டாம் நிலை, 2.5 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. 90 இருக்கைப் பெட்டியில் 200 பேர் என்றால் 2.2, மூன்றாம் நிலை. அரசே போட்ட அளவுகோல் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் நின்று போவதற்கென்றே அமைந்த மின்சார ரயில் பெட்டிக்கு இது முழுதும் பொருந்தாது. சதுர மீட்டர் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள்.

6. கொள்ளளவுக் கணக்கு

ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றிச் செல்ல முடியும்? ரயில்கள், பெட்டிகள், பெட்டிக்கு எத்தனை பேர் என்ற மூன்றையும் பெருக்க வேண்டும். அதோடு நிறுத்தினால் தாளில் மட்டும் இருக்கும் கொள்ளளவு கிடைக்கும். கூட்டம் மணி முழுவதும் சீராக வருவதில்லையே. கால் மணி வாரியாக 1,500, 2,000, 1,500, 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,000. உச்சக் கால்மணி மணி முழுவதும் நீடித்தால் 8,000. 6,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 0.75. இந்தக் காரணியையும் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 90 இருக்கையும் 25 சதுர மீட்டர் நிற்கும் இடமும் உள்ள பெட்டி. சதுர மீட்டருக்கு 6 பேர் என்றால் பெட்டிக்கு 240. மணிக்கு 4 ரயில், 12 பெட்டி, காரணி 0.75: மொத்தம் 8,640 பேர். அதே ரயில்கள் 9 பெட்டியாக ஓடினால் 6,480. உங்கள் மார்க்கத்தின் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு வண்டி இன்னும் 9 பெட்டியோடு ஓடினால், முதல் கோரிக்கை அதை 12 ஆக்குவதாகத்தான் இருக்க வேண்டும். புதிய ரயில் கேட்பதைவிட இதற்குச் சம்மதிக்க வைப்பது எளிது. நடைமேடை நீளம் போதுமா என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் புதிய ரயில் கடினம்? அத்திப்பட்டுக்கு வடக்கே நம் வண்டிகள் விரைவு ரயில்களோடும் சரக்கு ரயில்களோடும் தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. விரைவு ரயில் வருகிறது என்று நம் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு பிளாக் பகுதியில், அதாவது சிக்னல்களால் பிரித்த ஒரு தண்டவாளத் துண்டில், ஒரே நேரத்தில் ஒரு ரயில்தான் என்ற முறை உள்ள இடத்துக்கு ரயில்வேயில் ஸ்காட் சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாளின் 1,440 நிமிடத்தை, மிக மெதுவான வண்டி அந்தப் பகுதியைக் கடக்கும் நேரம், சிக்னல் வேலைக்கான நேரம் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 0.7-ஆல் பெருக்க வேண்டும். 12 நிமிடமும் 3 நிமிடமும் என்றால் 96, அதில் 0.7 பங்கு, ஏறத்தாழ 67 ரயில்கள். மெதுவான வண்டிதான் எண்ணை முடிவு செய்கிறது என்பதைக் கவனியுங்கள். அதிவேக ரயில் விட்டாலும் சரக்கு வண்டி நகரும் வேகத்தில்தான் பாதையின் கொள்ளளவு நிற்கும்.

தானியங்கி சிக்னல் உள்ள பகுதியில் கணக்கு வினாடிகளில். சிக்னல் இடைவெளிக்கு 120 வினாடி, நிறுத்தத்தில் 40, உபரி 20 என்றால் 180 வினாடிக்கு ஒரு ரயில், மணிக்கு 20. நெரிசலால் நிற்கும் நேரம் 70 வினாடியானால் மணிக்கு 17தான் போக முடியும். கூட்டம் தானே கொள்ளளவைத் தின்கிறது. சக்கரம் நின்ற நேரத்தை வினாடியோடு எழுதச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் பகுதியில் எந்தச் சிக்னல் முறை என்பதை தகவல் உரிமை மனுவில் கேட்டு உறுதிசெய்துகொண்டு உரிய கணக்கைப் போடுங்கள்.

7. பயணிகளிடம் கேட்பது

சேவைத்தர ஆய்வு என்றதும் கல்லூரி மாணவர்கள் சேவைத்தரத்தை அளக்கும் சர்வ்குவால் என்ற படிவத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்: 22 வாக்கியங்கள், எதிர்பார்ப்புக்கு ஒருமுறை, அனுபவத்துக்கு ஒருமுறை, ஆக 44 கேள்வி. வங்கியில் வரிசையில் நிற்கிறவரிடம் கேட்கலாம். ரயிலுக்கு ஓடுகிறவரிடம் ஏழு கேள்விக்கு மேல் செல்லாது.

"திருப்தியா?" என்று கேட்காதீர்கள். நம்மவர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்கி "பரவாயில்லை" என்பார்கள். இன்றைய பயணத்தைப் பற்றிக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு வந்தீர்கள், முதல் வண்டியில் ஏற முடிந்ததா, எந்த நிலையத்தில் இருக்கை கிடைத்தது, தாமதத்துக்காக வீட்டிலிருந்து எத்தனை நிமிடம் முன்னதாகப் புறப்படுகிறீர்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் எந்த அட்டவணையிலும் கிடைக்காது. படிவம் தமிழிலும் தெலுங்கிலும் இருக்க வேண்டும். தடாவில் தமிழில் பேசுகிற பலருக்குத் தெலுங்கில் படிப்பது எளிது. பள்ளிப் படிப்பு அந்த மொழியில்.

96 பேரிடம் கேட்டால் பிழை எல்லை கூட்டல் கழித்தல் 10 சதவீதம். 384 பேர் என்றால் 5 சதவீதம். தெரிந்தவர்களையே கேட்காமல், வாசலைக் கடக்கிற ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் நிறுத்தினால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். பெயர், தொலைபேசி எண் வாங்க வேண்டாம். இன்னொன்று: ரயிலை வெறுத்து தேசிய நெடுஞ்சாலை 16-ல் பஸ்ஸிலும் இருசக்கர வாகனத்திலும் போகத் தொடங்கிவிட்டவர் நடைமேடையில் இருக்க மாட்டார். தடா பஸ் நிறுத்தத்திலும் ஒரு காலை செலவிடுங்கள்.

8. தகவல் உரிமை மனு: யாருக்கு, எவ்வளவு, எப்போது

எல்லைப்புறத்தில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. ரயில்வே மத்திய அரசு. எந்த மாநில அரசுக்கு எழுதியும் பயனில்லை. வீடு ஆந்திரத்தில் இருந்தாலும் சூலூர்ப்பேட்டை வரை தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம்தான். நிலையத்தைப் பார்த்து எழுதுங்கள், உங்கள் முகவரியைப் பார்த்து அல்ல. கேரள எல்லையில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கோயம்புத்தூர் சேலம் கோட்டம், போத்தனூரிலிருந்து வாளையாறு, கஞ்சிக்கோடு வழியாகப் பாலக்காடு வரை பாலக்காடு கோட்டம். அங்கே இரண்டு மனு வேண்டும்.

மத்திய அரசின் இணையதளத்தில் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்றிதழ் இணைத்தால் கட்டணம் இல்லை. மனு 500 சொல்லுக்குள் இருக்கட்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிவேடுகளை நேரில் பார்க்க முதல் மணி நேரம் இலவசம், அடுத்த ஒவ்வொரு மணிக்கும் 5 ரூபாய். பக்கங்கள் ஆயிரக்கணக்கில் போகும் என்று பதில் வந்தால் நேரில் பார்ப்பதே மலிவு.

"ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். காரணமும் கருத்தும் ஆவணம் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடலாம். இருக்கிற பதிவைக் கேளுங்கள்: குறிப்பிட்ட தேதிகளில், குறிப்பிட்ட நிலையங்களில் பதிவான வருகை, புறப்பாடு நேரங்கள், ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை பெட்டி, பகுதிவாரியாகக் கணக்கிட்ட பாதைக் கொள்ளளவும் ஓடும் ரயில்களும், நடைமேடை நீளங்கள், நிலையவாரியாக மாத டிக்கெட் விற்பனை, சீசன் தனியாக. நீங்கள் எண்ணிய அதே தேதிகளைக் கேட்டால் இரண்டு பதிவையும் பக்கம் பக்கமாக வைக்கலாம்.

டிக்கெட் கணக்கு வந்ததும் ஓர் எச்சரிக்கை. ரயில்வே புள்ளிவிவரத்தில் ஒரு மாத சீசன் டிக்கெட் 50 ஒற்றைப் பயணங்களாகக் கொள்ளப்படுகிறது. உண்மையில் யாராவது 30 முறை போயிருக்கலாம், யாராவது 60. உங்கள் தலைக்கணக்கும் இதுவும் ஒத்துப்போகவில்லையே என்று கலங்க வேண்டாம். ஒத்துப்போக வேண்டிய தேவையும் இல்லை.

பதில் 30 நாளில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றுவது அவர்கள் கடமை. வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கட்டணமில்லை. அதற்கு 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு. அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. காலக்கெடு தாண்டி வரும் தகவலுக்கு நகல் கட்டணம் கேட்கக்கூடாது. ஆக, ஆறு மாத அவகாசம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

9. அறிக்கையைக் கொடுப்பது

நான்கு பக்கம் போதும். முதல் பக்கத்தில் மூன்று எண்கள்: ஏற முடியாமல் நின்றவர்கள், நடுவழி நிலையத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிந்திய ரயில்களின் விகிதம், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே மிக நீண்ட இடைவெளி. அவற்றின் கீழ் மூன்று கோரிக்கைகள், செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி: புறப்படும் நேரத்தைப் பத்து நிமிடம் மாற்றுவது, பெட்டி கூட்டுவது, கும்மிடிப்பூண்டியோடு நிற்கும் வண்டி ஒன்றைச் சூலூர்ப்பேட்டை வரை நீட்டுவது. அளந்த முறை இரண்டாம் பக்கத்தில். படிவங்கள் இணைப்பில்.

கோட்ட மேலாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவருக்கும் ஒரு பிரதி போகட்டும். குழுக் கூட்டத்தில் அவர் எழுப்பினால் எழுத்தில் பதில் வரும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் விஷயத்தில் நமக்கு இரண்டு தொகுதி: திருவள்ளூரும் திருப்பதியும். இருவருக்கும் அனுப்புங்கள்.

2025-ஆம் ஆண்டின் புதிய ரயில்வே கால அட்டவணை ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அட்டவணைக்கான வேலை பல மாதம் முன்பே நடப்பதால், ஜூலை, ஆகஸ்டில் எண்ணி செப்டம்பரில் கொடுப்பதைவிட, பிப்ரவரியில் எண்ணி ஏப்ரலில் கொடுப்பது மேல். நேரம் மாறி வந்த பிறகு அதே நிலையத்தில், அதே கிழமைகளில், அதே ஆட்களைக் கொண்டு மறுபடி எண்ண வேண்டியிருக்கும். அதனால் கையால் நிரப்பிய அசல் படிவங்களை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கொடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் நகலாக இருக்கட்டும்.